ஓல்கா கனீஸ்கினா எத்தனை முறை உலக சாம்பியன்?

கேள்வி, 2 ஆகஸ்ட் 2024

என் மகள் பள்ளி வினாடி வினாவுக்குத் தயாராகிறாள். வீட்டில் இருக்கும் பழைய பொது அறிவுப் புத்தகத்தில் "நடைப் போட்டியில் தொடர்ந்து மூன்று முறை உலக சாம்பியன் ஆன ரஷ்ய வீராங்கனை ஓல்கா கனீஸ்கினா" என்று போட்டிருக்கிறது. இணையத்தில் ஒரு முறைதான் என்கிறார்கள். லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளி என்று ஓர் இடத்தில் இருக்கிறது, இன்னோர் இடத்தில் அந்தப் பெயரே இல்லை. எது சரி? அப்படியே இன்னொன்று: நடப்பதற்கெல்லாம் ஒலிம்பிக் பதக்கமா?

2 ஆகஸ்ட், இரவு

ஒரு முறை. 2007, ஒசாகா. அதோடு 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தங்கம். மகளை அப்படியே எழுதச் சொல்லுங்கள். புத்தகத்தின் மேல் தப்பில்லை, அச்சான அன்றைக்கு அது சரி. மீதியை நாளைக்கு எழுதுகிறேன், நோட்டைத் தேடணும்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் என் கோபம் தணிந்த பிறகு.

3 ஆகஸ்ட்

நோட்டு பரணில் கிடைத்துவிட்டது. கரையான் ஓரத்தை மட்டும் தின்றிருக்கிறது.

நான் முப்பத்தொரு வருஷம் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிலிருந்து பெண்கள் நடைப் போட்டி முடிவுகளை ஒரு நீள நோட்டில் எழுதி வருகிறேன். ஓட்டமும் தாண்டலும் பேப்பரில் வந்துவிடும். நடை வராது. வந்தாலும் 'நடை ஓட்டம்' என்று தலைப்புப் போடுவார்கள். நடக்கிறார்களா ஓடுகிறார்களா என்பதுதான் அந்தப் போட்டியில் உள்ள மொத்தத் தகராறே, அதைத் தலைப்பிலேயே சமரசம் பேசி முடித்துவிடுவார்கள்.

கனீஸ்கினா என் நோட்டில் முதலில் வருவது 2006-ல். கோதன்பர்க் ஐரோப்பிய சாம்பியன்ஷிப், 20 கிலோமீட்டர், இரண்டாம் இடம். முதலிடம் பெலாரஸின் ரீத்தா துராவா. அப்போது ஓல்காவுக்கு 21 வயது. 1985 ஜனவரி 19-ல் நபோல்னயா தாவ்லா என்ற கிராமத்தில் பிறந்தவர், சுவாஷியா பகுதி. பக்கத்தில் பென்சிலால் "புதுசு, கவனி" என்று எழுதி வைத்திருக்கிறேன். இப்படிப் பத்துப் பேருக்காவது எழுதியிருப்பேன், மற்ற ஒன்பது பேரும் என்ன ஆனார்கள் என்று கேட்காதீர்கள்.

அடுத்த வருஷமே ஒசாகாவில் உலக சாம்பியன். ஆகஸ்ட் கடைசி, ஜப்பானின் புழுக்கம். நேரம் 1:30:09. அவருடைய அளவுக்கு மெதுவானதுதான், ஆனால் அன்று எல்லோருமே அந்த வெயிலில் வெந்துதான் நடந்தார்கள். இரண்டாவது இன்னொரு ரஷ்யப் பெண் தத்யானா ஷெம்யாகினா, மூன்றாவது ஸ்பெயினின் மரியா வாஸ்கோ.

அப்புறம் பெய்ஜிங். 2008 ஆகஸ்ட் 21. இதை டி.வி.யில் பார்த்தேன். அன்றைக்குக் காலையில் பள்ளிக்குத் தாமதமாகப் போனதற்கும் இதுதான் காரணம், இப்போது சொன்னால் யாரும் மெமோ கொடுக்க முடியாது. அங்கே நல்ல மழை. சாலை முழுக்கத் தண்ணீர், ஒவ்வொரு காலடியிலும் குதிகால் பட்டதும் ஒரு சின்னத் தெறிப்பு. ஓல்கா தொடக்கத்திலேயே முன்னால் போய்விட்டார். கூட யாரும் இல்லை. பின்னால் திரும்பிப் பார்க்கவும் இல்லை. தோள் இரண்டும் ஒரே மட்டம், மேலே ஒரு தட்டு வைத்தாலும் விழாது. இடுப்புக்குக் கீழே மட்டும் ஒரு தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. 1 மணி 26 நிமிடம் 31 நொடி, ஒலிம்பிக் சாதனை. இரண்டாவதாக வந்த நார்வேயின் ஷெர்ஸ்டி பிளாட்சர் 46 நொடி பின்னால். மூன்றாவது இத்தாலியின் எலிசா ரிகாவ்தோ.

நான் பார்த்த நடைகளிலேயே அழகானது அது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வரப்போகும் என் குழப்பத்துக்கெல்லாம் அதுதான் வேர்.

3 ஆகஸ்ட், சற்று நேரம் கழித்து

திருத்தம். சுவாஷியா இல்லை, மொர்தோவியா. இரண்டும் வோல்கா பக்கத்துக் குடியரசுகள், இரண்டுமே நடைக்காரர்களைப் பெற்றுப் பெற்றுத் தந்த ஊர்கள், அதனால் வந்த வினை. சுவாஷியாவின் தலைநகர் செபக்ஸாரி, 2008 உலகக் கோப்பை நடந்த இடம் (அதிலும் ஓல்காதான் முதல்). மொர்தோவியாவின் தலைநகர் சரான்ஸ்க். அந்தப் பெயரை நினைவில் வையுங்கள், திரும்பத் திரும்ப வரும்.

5 ஆகஸ்ட்

கோபம் தணிந்தது. நடப்பதற்கெல்லாம் பதக்கமா?

400 மீட்டர் மைதானத்தில் ஒரு சுற்றை 1 நிமிடம் 44 நொடியில் முடியுங்கள். ஓடியே முடியுங்கள், பரவாயில்லை. பிறகு நிற்காமல் இன்னும் நாற்பத்தொன்பது சுற்று. பெய்ஜிங்கில் ஓல்கா போன வேகம் அதுதான். ஓடாமல்.

ஓடாமல் என்றால் என்ன? விதி இரண்டே வரி. ஒன்று, கண்ணுக்குத் தெரியும்படி இரண்டு காலும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழும்பக் கூடாது. இரண்டு, முன்னால் வைக்கும் கால் தரையைத் தொட்ட கணத்திலிருந்து உடம்புக்கு நேர் கீழே வரும் வரை முழங்கால் மடங்கக் கூடாது. சாலையோரம் நடுவர்கள் நிற்பார்கள். சந்தேகம் என்றால் மஞ்சள் தட்டியைக் காட்டுவார்கள். எழும்பினால் அலை போன்ற குறி, முழங்கால் என்றால் கோணக் குறி. உறுதியானால் சிவப்பு அட்டை. ஒரு நடுவர் ஒருவருக்கு ஒரே ஒரு சிவப்புதான் போடலாம். மூன்று வெவ்வேறு நடுவர்களிடமிருந்து மூன்று சிவப்பு சேர்ந்தால் வீட்டுக்குப் போகலாம். (இப்போது 20 கிலோமீட்டரில் மூன்றாவது சிவப்புக்கு 2 நிமிடம் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அனுப்பும் முறையும் இருக்கிறது. ஓல்கா காலத்தில் கிடையாது.)

"கண்ணுக்குத் தெரியும்படி" என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. கேமராவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் உலகத் தரத்தில் நடப்பவர்கள் ஏறக்குறைய எல்லோருமே ஒவ்வோர் அடியிலும் ஒரு நொடியின் சின்னஞ்சிறு பங்கு காற்றில்தான் இருக்கிறார்கள். விதிக்கு அது தெரியும். தெரிந்துதான் கேமராவை வெளியே நிறுத்திவிட்டு மனிதக் கண்ணை மட்டும் உள்ளே விட்டிருக்கிறது. கண் பார்க்காதது குற்றமில்லை.

இதைப் படிப்பவர்களுக்கு ஏமாற்று வேலை போலத் தோன்றும். எனக்கும் தோன்றியது, நானே நடுவராக நிற்கும் வரை.

ஒரு மாவட்டப் போட்டி, பெண்கள் 3 கிலோமீட்டர் நடை. நடுவர் போதவில்லை என்று என்னையும் நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது வளைவு எனக்கு. சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்திருந்தது. முன்னால் வந்த பெண் தொளதொள டிராக் பேண்ட் போட்டிருந்தாள், முழங்காலே தெரியவில்லை. ஆனால் தலை எழும்பி எழும்பித் தாழ்ந்தது. தலை துள்ளினால் கால் எழும்புகிறது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது குறிப்புதானே தவிர விதி இல்லை. நான் சிவப்பு எழுதிக் கொடுத்தேன். ஏற்கெனவே இரண்டு இருந்திருக்கிறது, என்னுடையது மூன்றாவது. கடைசிச் சுற்றில் அவளை வெளியே எடுத்தார்கள்.

போட்டி முடிந்ததும் நேராக என்னிடம் வந்தாள். அழவில்லை. "டீச்சர், என் கால் எப்ப எழும்புச்சு?" என்று கேட்டாள். எந்த இடத்தில், எந்தச் சுற்றில் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், சண்டைக்கு வரவில்லை. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் பார்த்தது அவள் தலையை.

6 ஆகஸ்ட்

1 நிமிடம் 44 நொடி முயற்சி செய்து பார்த்ததாக ஒருவர் எழுதியிருக்கிறார். ஓடியே 2 நிமிடம் 10 நொடியாம், அப்புறம் புல்லில் படுத்துவிட்டாராம். நன்றி ஐயா. இன்னும் நாற்பத்தொன்பது பாக்கி.

9 ஆகஸ்ட்

சரி, மூன்று எப்படி ஒன்றானது என்ற கணக்கு.

2009 பிப்ரவரியில் அட்லரில் நடந்த ரஷ்யப் போட்டியில் ஓல்கா 1:24:56 நடந்தார். அப்போது இருந்த உலக சாதனையைவிட வேகம். உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. நடைச் சாதனைக்கு சர்வதேச நடுவர்கள் இருக்க வேண்டும், அன்றே ஊக்கமருந்துச் சோதனை நடக்க வேண்டும், இப்படி நிபந்தனைகள் உண்டு. அப்போது எனக்குப் பாவமாக இருந்தது. "அநியாயம்" என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். இப்போது அந்தச் சொல்லைப் பார்த்தால் யாருக்கு அநியாயம் என்று எனக்கே புரியவில்லை.

அதே வருஷம் ஆகஸ்ட் 16, பெர்லின், பிராண்டன்பர்க் வாயில் பக்கத்தில் போட்டி. ஓல்கா தங்கம், 1:28:09. அயர்லாந்தின் ஆலிவ் லாக்னேன் வெள்ளி, சீனாவின் லியு ஹோங் வெண்கலம். 2010 பார்சிலோனாவில் ஐரோப்பிய சாம்பியன். 2011 டேகுவில் மறுபடி உலக சாம்பியன். இதோ உங்கள் புத்தகத்தின் மூன்று.

2009-ல்தான் தடகளத்தில் 'உயிரியல் பாஸ்போர்ட்' வந்தது. பெயரைப் பார்த்து விசா அலுவலகத்துக்குப் போய்விடாதீர்கள். மருந்தைத் தேடுகிற சோதனை இல்லை இது. ஒருவருடைய ரத்தத்தை ஆண்டுக்கணக்கில் அவ்வப்போது எடுத்து ஹீமோகுளோபின் எவ்வளவு, புதிதாகப் பிறந்த சிவப்பணு எத்தனை சதவீதம் என்று வரிசையாகக் குறித்து வைப்பார்கள். ரத்தம் ஏற்றினாலோ இ.பி.ஓ. (சிவப்பணுவைப் பெருக்கும் மருந்து) ஊசி போட்டாலோ இந்த இரண்டும் இயற்கையாக நகராத விதத்தில் நகரும். ஊசி போட்ட தடயம் உடம்பை விட்டுப் போனாலும் ரத்தம் ஊசி போட்டதை மறக்காது.

இந்தப் பாஸ்போர்ட்டை வைத்துத்தான் 2015 ஜனவரியில் ரஷ்ய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு ஐந்து நடைக்காரர்களுக்குத் தடை அறிவித்தது. ஓல்கா அதில் ஒருவர். 2012 அக்டோபர் 15 முதல் 3 வருஷம் 2 மாதம். ஆனால் முடிவுகளை ரத்து செய்யும்போது ஒரு வேடிக்கை செய்தார்கள். காலத்தைத் துண்டு துண்டாக வெட்டி, இந்த மாதம் குற்றம், அந்த மாதம் குற்றமில்லை என்று பிரித்தார்கள். பெர்லினும் டேகுவும் போயின, லண்டன் வெள்ளி மட்டும் பத்திரமாக ஒரு இடைவெளியில் உட்கார்ந்திருந்தது! சர்வதேச தடகள சம்மேளனமே இதை ஒத்துக்கொள்ளாமல் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2016 மார்ச் 24-ல் தீர்ப்பு: துண்டெல்லாம் கிடையாது, 2009 ஆகஸ்ட் 15 முதல் 2012 அக்டோபர் 15 வரை எல்லாமே ரத்து.

தேதியைக் கவனியுங்கள். ரத்து ஆகஸ்ட் 15-ல் தொடங்குகிறது. பெர்லின் போட்டி ஆகஸ்ட் 16.

9 ஆகஸ்ட், இரவு

லாக்னேனைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். குழந்தை பெற்றுக்கொண்டு திரும்ப வந்து, 33 வயதில் பெர்லினில் வெள்ளி வாங்கியவர். 2013-ல் ஓய்வு. 2016-ல், ஷூவைக் கழற்றிப் போட்டு மூன்று வருஷம் ஆன பிறகு, உலக சாம்பியன். டேகுவின் தங்கம் லியு ஹோங்குக்குப் போனது.

ஆஸ்திரேலியாவின் ஜேரட் டாலன்ட் கதையும் இதே தீர்ப்பில்தான். லண்டனில் ஆண்கள் 50 கிலோமீட்டர் தங்கம் சரான்ஸ்க்காரர் செர்கேய் கிர்த்யாப்கினிடமிருந்து அவருக்கு மாறியது. 2016 ஜூனில் மெல்போர்னில் ஒரு கட்டடத்துப் படியில் நிறுத்திக் கழுத்தில் போட்டார்கள். நான்கு வருஷம் கழித்து வந்த தபால்.

10 ஆகஸ்ட்

சரான்ஸ்க் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள்.

அது விக்டர் செகினின் ஊர். பயிற்சியாளர். அங்கே நடைக்காகவே ஒரு ஒலிம்பிக் பயிற்சி மையம், அதற்கு அவர் பெயர். உயிரோடு இருக்கும்போதே பெயர் வைத்துவிட்டார்கள், நமக்கு இது புதுசில்லை. ஓல்கா, பெய்ஜிங்கில் ஆண்கள் 20 கிலோமீட்டர் தங்கம் வாங்கிய வலேரி போர்ச்சின், கிர்த்யாப்கின், அவர் மனைவி அனீஸ்யா, எலேனா லஷ்மானவா, எல்லோரும் அந்த மைதானத்துக்காரர்கள். அங்கிருந்து தடை வாங்கியவர்கள் இருபதுக்கு மேல். 2016-ல் செகினுக்கு ஆயுள் தடை.

பி.டி. டீச்சராக எனக்கு இந்த இடம்தான் உறுத்துகிறது. பதினாலு பதினைந்து வயதில் ஒரு கிராமத்துப் பெண் மைதானத்துக்கு வருகிறாள். டீச்சர் ஓடு என்றால் ஓடுவாள், நட என்றால் நடப்பாள். வாயைத் திற, இந்த மாத்திரையைப் போடு என்றால்? என் பிள்ளைகளுக்கு நான் கொடுத்தது குளுக்கோஸ் தண்ணீர். கலங்கலாக இருந்ததே, அதற்குள் என்ன என்று முப்பத்தொரு வருஷத்தில் ஒரு பிள்ளை கேட்டதில்லை.

இதனால் ஓல்கா குற்றமற்றவர் என்று சொல்ல வரவில்லை. 24 வயது என்பது குழந்தை வயசும் இல்லை.

11 ஆகஸ்ட்

இன்றோடு சரியாகப் பன்னிரண்டு வருஷம். 2012 ஆகஸ்ட் 11, லண்டன், மால் சாலை. நோட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நீல மையில்:
லஷ்மானவா 1:25:02 (உலக சாதனை)
கனீஸ்கினா 1:25:09
சியெயாங் ஷென்ஜியே 1:25:16
லியு ஹோங்
அனீஸ்யா கிர்த்யாப்கினா
லூ ஷியுஜி

அன்று ஓல்கா வழக்கம்போலத் தனியாக முன்னால். பெய்ஜிங் மாதிரியே இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் 20 வயது லஷ்மானவா கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளியைத் தின்றுகொண்டே வந்து கடைசியில் தாண்டிவிட்டார். அதே ஊர், அதே பயிற்சியாளர். ஏழு நொடி. ஓல்காவுக்காக அன்று நான் சாப்பிடவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், என் வீட்டுக்காரர் சாட்சி.

2016-ல் சிவப்பு மையில் இரண்டாவது பெயரை அடித்தேன். சியெயாங் இரண்டு, லியு ஹோங் மூன்று.

லஷ்மானவா தப்பித்தார் என்று பார்த்தால் அவர் 2014-லேயே வேறு விஷயத்தில் சிக்கியிருந்தார். ஜி.டபிள்யூ.1516 என்ற பொருள். மருந்தாக வரவேண்டியது. விலங்குச் சோதனையில் புற்றுநோய் வந்ததால் பாதியில் கைவிட்டது. அதைச் சாப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு வருஷத் தடை. ஆனால் லண்டன் தங்கம் அப்போது போகவில்லை. 2022 மார்ச்சில் மாஸ்கோ ஆய்வகத்தின் பழைய தரவுகளை வைத்து 2012 பிப்ரவரி 18 முதல் 2014 ஜனவரி 3 வரை எல்லாம் ரத்து. லண்டன் போச்சு, 2013 மாஸ்கோ உலகத் தங்கமும் போச்சு.

மூன்றாவது தடவை பச்சை மை. முதல், இரண்டாவது, ஐந்தாவது பெயர்கள் காலி (அனீஸ்யாவின் முடிவும் இதற்குள் ரத்தாகியிருந்தது). சியெயாங் தங்கம், லியு ஹோங் வெள்ளி, லூ ஷியுஜி வெண்கலம். மூன்றும் சீனா. சியெயாங் சிங்ஹாய் மாகாணத்துத் திபெத்தியப் பெண். அன்று மேடையில் மூன்றாவது படியில் நின்றவர். முதல் படிக்கு ஏறப் பத்து வருஷம் ஆனது.

பக்கத்தைப் பார்த்தால் எல்.கே.ஜி. குழந்தை கிறுக்கினது போல இருக்கிறது.

12 ஆகஸ்ட்

மாஸ்கோ 2013 பற்றி ஒரு சிரிப்பு. லஷ்மானவா அரங்கத்துக்குள் வந்து, முடிவுக் கோடு என்று வேறு ஒரு கோட்டைத் தாண்டிவிட்டு ஓய்ந்து நின்றுவிட்டார். இன்னும் இருக்கிறது போ என்று சொன்ன பிறகுதான் மறுபடி நடந்தார். ஜெயிக்கவும் ஜெயித்தார். கடைசியில் அந்தக் கோடும் கணக்கில் சேரவில்லை.

14 ஆகஸ்ட்

"ரஷ்யாவில் ஓல்காதான் பெரிய நடைக்காரியா?" என்று ஒருவர். இல்லை என்று சொல்வேன். என் மனசுக்குப் பிடித்தவர் வேறு, பெரியவர் வேறு.

ஒலிம்பியாதா இவனோவா. பெயரே ஒலிம்பியாட்தான், பெற்றவர்கள் தொலைநோக்கோடு வைத்திருக்கிறார்கள். இவர்தான் உண்மையில் சுவாஷியாக்காரர் (நான் குழப்பிக்கொண்டது இவரால்தான் என்று நினைக்கிறேன்). 2001 எட்மன்டன், 2005 ஹெல்சிங்கி என இரண்டு முறை உலக சாம்பியன். ஹெல்சிங்கியில் 1:25:41, உலக சாதனை. ஆனால் பெயரில் இருந்த ஒலிம்பிக் தங்கம் மட்டும் கிடைக்கவில்லை. ஏதென்ஸ் 2004-ல் கிரேக்கப் பெண் அதனாசியா சுமெலேகாவிடம் நான்கு நொடியில் இழந்தார்.

அந்த சுமெலேகாவும் பிற்பாடு பெய்ஜிங் மாதிரியில் இ.பி.ஓ. வகை மருந்தோடு மாட்டினார். ஏதென்ஸ் தங்கம் அவரிடமே இருக்கிறது. ஐயோ பாவம் இவனோவா என்று சொல்வதற்குள் 1997-ஐயும் சொல்லிவிட வேண்டும். அந்த வருஷ உலகப் போட்டியில் வாங்கிய வெள்ளியை ஸ்டானோசொலால் என்ற ஸ்டீராய்டு சாப்பிட்டதற்காக இவனோவா இழந்தார். இந்த நோட்டில் ஒருத்தருக்காகப் பரிதாபப்பட்டு முடிப்பதற்குள் அடுத்த பக்கம் வந்துவிடுகிறது.

ஏதென்ஸில் மூன்றாவது வந்த ஆஸ்திரேலியாவின் ஜேன் சவில் எனக்கு ரொம்ப வேண்டியவர். சிட்னி 2000-ல் சொந்த ஊர், முதலிடம், அரங்கத்துச் சுரங்க வழியில் நுழைகிறார், உள்ளே சத்தம் காதைப் பிளக்கிறது. அங்கேயே தலைமை நடுவர் நின்று சிவப்பு காட்டினார். முடிவுக் கோட்டுக்கு இருநூறு மீட்டர்கூட இல்லை. மருந்தில்லை மாயமில்லை, கால் எழும்பியது, அவ்வளவுதான். நான்கு வருஷம் கழித்துத் திரும்ப வந்து வெண்கலம் வாங்கினார்.

19 ஆகஸ்ட்

ஒருவர் கொஞ்சம் காரமாகவே எழுதியிருக்கிறார்: "பெர்லினில் ஏமாற்றியவர் பெய்ஜிங்கில் யோக்கியராக இருந்தாரா? அந்தத் தங்கத்தையும் அடியுங்கள் டீச்சர்."

நான்கு நாளாக யோசிக்கிறேன்.

பெய்ஜிங் போட்டி 2008 ஆகஸ்ட் 21. ரத்து தொடங்குவது 2009 ஆகஸ்ட் 15. நடுவில் 359 நாள், எண்ணிப் பார்த்தேன். பாஸ்போர்ட் முறை வந்ததே 2009-ல். அதற்கு முந்தைய ரத்தம் அந்த வரிசையில் இல்லை. எந்த நாளிலிருந்து ஆரம்பித்தார் என்பதை அந்தக் காகிதங்கள் சொல்லாது, எந்த நாளிலிருந்து தெரிந்தது என்பதைத்தான் சொல்லும்.

அதனால் மனசு சொல்கிறது, அடி. மழையில் அந்தத் தோள், அந்த நேர்கோடு, எல்லாவற்றின் மேலும் இப்போது ஒரு சந்தேகம் படிந்துவிட்டது. மறுபடி ஒளிப்பதிவைப் போட்டுப் பார்த்தேன். அழகு குறையவே இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

ஆனால் கை வரவில்லை. ஓல்கா மேல் உள்ள பிரியம் என்று நினைப்பீர்கள், அதுவும் கொஞ்சம் உண்டு. அதைவிட அந்த டிராக் பேண்ட் பெண்தான் காரணம். தலையைப் பார்த்துக் காலுக்குச் சிவப்பு போட்டவள் நான். பெர்லினைப் பார்த்து பெய்ஜிங்குக்குப் போட்டால் அதேதான்.

20 ஆகஸ்ட்

மேலே எழுதியதைக் காலையில் படித்தேன், ரொம்ப நல்லவள் போல எழுதியிருக்கிறேன். அந்தப் பெண்ணின் கால் நிஜமாகவே எழும்பியிருக்கலாம். மற்ற இரண்டு நடுவர்களும் சும்மாவா போட்டார்கள்? என் சிவப்பு தப்பா இல்லையா என்பது எனக்குத் தெரியாது, பார்க்காமல் போட்டேன் என்பது மட்டும் தெரியும். பெய்ஜிங் மழையில் நான்காவதாக வந்த லியு ஹோங்கிடம் போய் இந்தக் கதையைச் சொன்னால் அவர் என்ன சொல்வார்? "உங்கள் ஊர்ப் பெண்ணுக்காக என் பதக்கத்தை ஏன் நிறுத்தி வைக்கிறீர்கள்?" என்பார். (அவருக்கு அப்புறம் எல்லாம் கிடைத்தது. 2015 பெய்ஜிங், 2016 ரியோ ஒலிம்பிக், 2019 தோஹா எல்லாம் சாலையிலேயே ஜெயித்தது. 2011-ம் 2013-ம் காகிதத்தில் வந்து சேர்ந்தது.)

பெய்ஜிங் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். மை இல்லை.

24 ஆகஸ்ட்

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். வினாடி வினாவில் கனீஸ்கினா வரவேயில்லை. வந்தது "லண்டன் ஒலிம்பிக் பெண்கள் 20 கிலோமீட்டர் நடையில் தங்கம் யாருக்கு?" என்பதாம். இந்த இழையைப் படித்திருந்த மகள் சியெயாங் ஷென்ஜியே என்று சொல்ல, விடைத்தாளில் லஷ்மானவா என்று இருக்க, வாக்குவாதமாகி, கடைசியில் அரை மதிப்பெண் கொடுத்தார்களாம்.

அரை மதிப்பெண்! சியெயாங் பத்து வருஷம் காத்திருந்து முழுசாக வாங்கினார், நம் பிள்ளைக்குப் பாதிதான். அந்த வாத்தியார்களிடம் என் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லியிருக்கிறேன். கிறுக்கலாக இருக்கிறதே என்பார்கள்.

26 ஆகஸ்ட்

ஆகஸ்ட் 3-ல் எழுதியதில் இன்னொரு தப்பு, யாரும் கண்டுபிடிக்கவில்லை. பெய்ஜிங்கில் பிளாட்சரின் நேரம் 1:27:07. அப்படியானால் ஓல்காவுக்கும் அவருக்கும் 36 நொடிதான், 46 இல்லை. நோட்டில் சரியாகத்தான் இருக்கிறது, இங்கே தட்டும்போது பத்து நொடி கூட்டிக் கொடுத்திருக்கிறேன்.